"வேணும்னே பண்றாங்க": டிமென்ஷியா உள்ளவரைப் பார்த்துக்கொள்பவரின் மனதில் ஓடும் பேச்சு

டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் படிப்படியாகத் தேயும் நோய், உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய உடல் உழைப்பு என்பது வெளியே இருப்பவர்களுக்கும் ஓரளவு தெரியும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மாத்திரையை விழுங்க வைப்பது, ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து பார்ப்பது. வெளியே தெரியாதது, இந்த வேலைகளுக்கு நடுவே பார்த்துக்கொள்பவரின் மனதுக்குள் விடாமல் ஓடும் பேச்சு. "அம்மா வேணும்னே பண்றாங்க." "நான் சீக்கிரமே கவனிச்சிருந்தா இப்படி ஆகியிருக்காது." "என்னை விட்டா இவரை யாராலயும் பார்த்துக்க முடியாது." "இது எப்ப முடியும்னு நினைச்சுட்டேனே, நானெல்லாம் ஒரு மனுஷியா?" யாரும் உட்கார்ந்து யோசித்து இந்த முடிவுகளுக்கு வருவதில்லை. அலுப்பில், தூக்கக் கலக்கத்தில் அவை தானாக வருகின்றன. வந்த கணத்திலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை போல மனதில் உட்கார்ந்துகொள்கின்றன.

இந்தப் பேச்சைக் கவனித்துக் கேள்வி கேட்கத் தெரிந்தால் பாரத்தில் ஒரு பகுதி குறையும். ஒரு பகுதிதான். மிச்சத்துக்கு ஆள் வேண்டும், தூக்கம் வேண்டும், ஓய்வு வேண்டும். எந்த வலி நினைப்பால் வருகிறது, எந்த வலி நிலைமையால் வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்தப் பிரிவினையைச் செய்யாமல் "பாசிட்டிவா யோசிங்க" என்று சொல்வது, களைத்துப்போனவர் தலையில் இன்னொரு கடமையை ஏற்றுவதாகத்தான் முடியும்.

இது சிலருக்கு மட்டும் வரும் பிரச்சினையும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுக்க சுமார் 5.7 கோடி பேர் டிமென்ஷியாவோடு வாழ்ந்தார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடி பேர் புதிதாகச் சேர்கிறார்கள். குடும்பத்தினரும் நெருங்கியவர்களும் 2019-இல் சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி நேரம் பராமரிப்பில் செலவிட்டதாக அந்த நிறுவனம் சொல்கிறது. பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது.

இந்த மனப் பேச்சை மருத்துவ உலகம் கவனிக்க ஆரம்பித்தது வேறொரு இடத்தில். 1960-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் ஆரோன் பெக், மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் விஷயங்களுக்கு அடியில் சின்னச் சின்ன வாக்கியங்கள் மின்னி மறைவதைக் கவனித்தார். நடந்த சம்பவத்தைவிட, சம்பவத்தைப் பற்றி அந்த வாக்கியம் சொன்ன தீர்ப்புதான் அவர்களை அதிகம் வருத்தியது. அந்த எண்ணங்களை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, "இது உண்மையா, எந்த அளவுக்கு உண்மை?" என்று நோயாளியோடு சேர்ந்து பரிசோதித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று சிபிடி என்று பரவலாக அறியப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அவருக்குக் கொஞ்சம் முன்பே, 1950-களில், ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் "கட்டாயம் இப்படி இருந்தே ஆக வேண்டும்" என்று நமக்கு நாமே விதிக்கும் கட்டளைகள்தான் பெரும்பாலான மன வேதனையின் வேர் என்று வாதிட்டார்.

பராமரிப்பவர்களிடம் இந்தக் கட்டளைகள் எப்படி இருக்கின்றன என்று தனியாக ஆராய்ந்தவர்களும் உண்டு. ஸ்பெயினில் ஆந்திரேஸ் லோசாடாவும் அவருடன் பணியாற்றியவர்களும் டிமென்ஷியா உள்ளவர்களைப் பார்த்துக்கொள்பவர்களின் தவறான நம்பிக்கைகளை அளக்க 16 கூற்றுகள் கொண்ட ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். அவை இரண்டு கட்டாகப் பிரிந்தன. ஒன்று, எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தே ஆக வேண்டும் என்ற நினைப்பு. இன்னொன்று, எல்லாம் என் ஒருவர் பொறுப்பு என்ற நினைப்பு. இந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றையும் நான் சேர்ப்பேன். நோயின் வேலையை அந்த மனிதரின் மனசாகப் புரிந்துகொள்வது. வீட்டில் அன்றாடம் சண்டையாக வெடிப்பது பெரும்பாலும் இதுதான் என்பதால் இங்கிருந்தே தொடங்கலாம்.

நோயின் வேலையும் அவருடைய மனசும்

மத்தியானம் மூன்று மணி. டாக்டரைப் பார்க்க நாளைக்குப் போக வேண்டும். "எப்போ போறோம்?" என்று அம்மா கேட்கிறார். "நாளைக்கு, பத்து மணிக்கு" என்கிறாள் மகள். நாலு நிமிஷம் கழித்து அதே கேள்வி, அதே குரலில். மறுபடியும் பதில். ஏழாவது தடவை மகளின் குரல் உயர்கிறது: "இப்பதானேம்மா சொன்னேன்!" அம்மா முகம் வாடி, "என்கிட்ட யாரும் சொல்லலையே" என்கிறார். அந்த நிமிஷம் மகளின் மனதில் ஓடுவது: "என்னைச் சீண்டறதுக்குன்னே கேட்கறாங்க."

உண்மையில் அம்மாவுக்கு அது ஏழாவது கேள்வி கிடையாது. ஒவ்வொரு முறையும் அது முதல் கேள்வி. டிமென்ஷியாவுக்கு மிகப் பரவலான காரணமான அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் ஒன்று மூளையின் ஹிப்போகேம்பஸ். இன்று நடந்ததை நினைவாகப் பதிவு செய்ய அந்தப் பகுதி வேண்டும். பதில் காதில் விழுந்தது, புரிந்தது, பதிவாகவில்லை. ஆனால் நாளைக்கு எங்கேயோ போக வேண்டும் என்ற பதற்றம் மட்டும் உள்ளே இருக்கிறது. கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது பெரும்பாலும் அந்தப் பதற்றம்தான். அதனால்தான் மணியைச் சொல்வதைவிட, "நான் கூடவே வரேம்மா, எல்லாம் எடுத்து வச்சாச்சு" என்று கையைப் பிடித்துச் சொல்வது சில சமயம் நன்றாக வேலை செய்கிறது.

"என்கிட்ட யாரும் சொல்லலையே" என்பதும் பொய் இல்லை. தனக்கு ஏற்பட்ட குறை தனக்கே தெரியாமல் போவது இந்த நோயின் ஓர் அறிகுறி. மூளையில் தன் நிலையைத் தானே சரிபார்க்கும் பகுதிகளும் பாதிக்கப்படுவதால் அப்படி ஆகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது பிடிவாதமாகத் தெரியும், மறைப்பதாகத் தெரியும். திருட்டுப் பழியும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் வருகிறது. மூக்குக்கண்ணாடியைப் பத்திரமாக எங்கோ வைத்தது நினைவில் இல்லை. தான் மறந்தோம் என்பதும் தெரியவில்லை. அப்படியானால் வேறு யாரோதான் எடுத்திருக்க வேண்டும், பக்கத்தில் எப்போதும் இருப்பவர் ஒருவர்தான். "நீதான் ஒளிச்சு வச்சிருக்க" என்ற வார்த்தை, அதிகம் உழைப்பவர் மேலேயே விழுவதற்குக் காரணம் இதுதான். அதை "இத்தனை செஞ்சும் என்னைப் பத்தி இவ்வளவு கேவலமா நினைக்கிறாங்களே" என்று எடுத்துக்கொண்டால் மனம் உடைந்துபோகும். உடைய வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பழி மகளின் குணத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

இதில் மிகவும் குழப்புவது ஒன்று உண்டு. வெளியாள் வந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். காலையில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டவர், சாயங்காலம் வந்த உறவினரிடம் குடும்பத்தை விசாரிக்கிறார், வேடிக்கையாகப் பேசுகிறார், டாக்டர் கேட்டால் "எனக்கு ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கேன்" என்கிறார். "அப்ப என்கிட்ட மட்டும் நடிக்கிறாரா?" என்ற எண்ணம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நலம் விசாரிப்பதும், சிரித்துப் பேசுவதும், பொதுவான வார்த்தைகளால் சமாளிப்பதும் வாழ்நாள் முழுக்கப் பழகியவை. புதிய நினைவுகள் போன பிறகும் ஊறிப்போன இந்தப் பழக்கங்கள் கொஞ்ச காலம் தங்கும். கொஞ்ச நேரத்துக்கு முழு முயற்சியோடு அவற்றைக் கூட்டிச் சேர்க்கவும் முடியும். அதற்கான விலை பிறகு தெரியும். விருந்தாளி போன பின் களைப்பு, எரிச்சல், குழப்பம் எல்லாம் கூடும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது மறுபடியும் மகள்தான்.

நாளுக்கு நாள் மாறுவதும் இதே வகை. "நேத்து தானாவே பட்டன் போட்டாரே, இன்னிக்கு மட்டும் என்ன?" என்பது நியாயமான கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் டிமென்ஷியாவில் திறன் ஒரே கோட்டில் இறங்குவதில்லை, ஏறி இறங்கும். லூயி பாடி டிமென்ஷியா என்ற வகையில் ஒரே நாளுக்குள் கூடப் பெரிய ஏற்ற இறக்கம் இருக்கும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் நினைவைவிடக் குணம் முதலில் மாறும். இரக்கம் குறையும், கூச்சம் போகும், வார்த்தை தடிக்கும். நாற்பது வருடம் அன்பாக இருந்த கணவர் மனைவியின் அழுகையைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். "இத்தனை நாள் மறைச்சு வச்சிருந்த சுபாவம் இப்பதான் வெளியே வருது" என்று அந்த மனைவி நினைத்தால், நோய் நிகழ்காலத்தோடு நிற்காமல் கடந்த காலத்தையும் எடுத்துக்கொள்கிறது. இந்த ஒரு எண்ணத்தை மட்டுமாவது விடாமல் எதிர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பரிவு வெளிப்பட உதவும் பகுதிகள் சிதைந்ததால் வந்த மாற்றம் அது. அந்த நாற்பது வருடங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

"இது நோய் பேசுது" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வது பலருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளக் கூடாது. குளிக்க வரமாட்டேன் என்று தள்ளிவிடுபவருக்குத் தோள் வலி இருக்கலாம், தண்ணீர் சில்லென்று இருக்கலாம், அறை இருட்டாக இருக்கலாம். சொல்லத் தெரியாததை அவர் செய்கையில் காட்டுகிறார். எல்லாவற்றையும் நோய் என்று ஒதுக்கினால், அவர் நிஜமாகவே சொல்ல வந்ததும் அதோடு போய்விடும். குறிப்பாக, ஓரிரு நாளுக்குள் சட்டென்று குழப்பம் கூடினால் அது டிமென்ஷியா முற்றியதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிய மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலைமை அது.

"எதுவுமே ஞாபகம் இருக்கப்போறதில்லை, பக்கத்துல உட்கார்ந்து என்ன பிரயோஜனம்?" என்ற விரக்திக்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் மறந்துவிட்டது. பார்த்ததால் வந்த உணர்ச்சி மட்டும் போகவில்லை. காட்சியைக் குறைவாக நினைவு வைத்திருந்தவர்களிடம் சோகம் இன்னும் நீண்ட நேரம் தங்கியது. ஆக, மறந்துபோகும் ஒரு சாயங்காலத்துக்கும் பயன் உண்டு. மறந்துபோகும் ஒரு திட்டுக்கும் விளைவு உண்டு. இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

"இன்னும் செஞ்சிருக்கணும்"

குற்ற உணர்ச்சிக்கு ஒரு விசித்திரமான தர்க்கம் உண்டு. "எனக்குக் குற்ற உணர்ச்சியா இருக்கு, அப்படின்னா நான் ஏதோ தப்பு செஞ்சிருக்கேன்." உணர்ச்சியையே சாட்சியாக எடுத்துக்கொள்ளும் இந்தக் கணக்கில் யாரும் விடுதலை ஆக முடியாது. நன்றாகப் பார்த்துக்கொள்கிறவரையும் இது விடுவதில்லை. அவருக்குத்தான் எது நன்றாக இல்லை என்று கண்ணில் படும்.

"முன்னாடியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தா" என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அல்சைமர் நோயில் மூளை மாற்றங்கள் அறிகுறி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகின்றன. நோயை நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. லெக்கனமாப், டொனனமாப் போன்ற புதிய மருந்துகள் ஆரம்ப நிலையில் உள்ள சிலருக்கு நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன, அவ்வளவுதான். முன்கூட்டியே தெரிந்திருந்தால் திட்டமிட நேரம் கிடைத்திருக்கும் என்பது உண்மை. பணம், கையெழுத்து, அவருடைய விருப்பம் எல்லாவற்றையும் பேசியிருக்கலாம். ஆனால் "இப்படி ஆகியிருக்காது" என்பது உண்மை கிடையாது. அந்த எண்ணத்தில் உண்மையான பாதியை வைத்துக்கொண்டு மற்ற பாதியை விடலாம்.

"இது எப்ப முடியும்" என்ற எண்ணம் வந்ததற்காகத் தன்னையே வெறுப்பவர்கள் நிறைய. அதை யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். குடும்பங்களை ஆராயும் அமெரிக்க ஆய்வாளர் பாலீன் பாஸ் 1970-களில், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது, முடிவு தெரியாத இழப்பு எப்படி ஆளைச் சிதைக்கிறது என்று எழுதினார். இறந்துவிட்டார் என்று அழவும் முடியாது, வருவார் என்று நம்பவும் முடியாது. பிறகு டிமென்ஷியா குடும்பங்களிலும் அதே நிலையை அவர் கண்டார். ஆள் எதிரே இருக்கிறார், ஆனால் பழைய மனிதர் இல்லை. அப்படிப்பட்ட நீண்ட துக்கத்தில் இருப்பவருக்கு அது முடிய வேண்டும் என்று தோன்றுவது, அந்த மனிதர் சாக வேண்டும் என்ற ஆசையாக இருக்க வேண்டியதில்லை. இந்த வேதனை முடிய வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் அதன் உள்ளர்த்தம். அன்பும் அலுப்பும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்க முடியும். ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது.

"கடைசி வரைக்கும் வீட்டுலயே வச்சுப் பார்த்துக்கறேன்னு வாக்குக் கொடுத்தேன்" என்பதும் இந்த வரிசையில் வரும். நோய் எப்படிப் போகும் என்று தெரியாதபோது கொடுத்த வாக்கு அது. கேட்டவருக்கு வேண்டியது, தன்னைக் கைவிட மாட்டாய் என்ற நிச்சயம். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய நிலை வந்த பிறகு, வெளியிலிருந்து ஆள் வைப்பதோ பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதோ அந்த நிச்சயத்தை மீறுவதாகாது. போய்ப் பார்ப்பதும், அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று கேள்வி கேட்பதும், அவருடைய பழக்கங்களை அங்கிருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் பார்த்துக்கொள்வதுதான்.

"என்னை விட்டா யார்?"

1980-இல் ஸ்டீவன் ஜாரிட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் பராமரிப்பவர்களின் சுமையை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். அதன் 22 கேள்விகள் கொண்ட வடிவம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அந்த முதல் ஆய்வு சிறியதுதான். ஆனால் அதில் கண்டது என்னை யோசிக்க வைத்தது. நோயாளியின் நடத்தை எவ்வளவு மோசம் என்பதோடு சுமை உணர்வு தொடர்பு காட்டவில்லை. மற்ற குடும்பத்தினர் எவ்வளவு அடிக்கடி வந்து பார்க்கிறார்கள் என்பதோடுதான் தொடர்பு இருந்தது. அடிக்கடி வந்தால் சுமை குறைவு. பின்னால் வந்த ஆய்வுகள் நடத்தைப் பிரச்சினைகளும் சுமையைக் கூட்டுவதைக் காட்டின என்றாலும், வந்து பார்க்க ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மாறவில்லை.

அப்படியிருக்க, "என்னால மட்டும்தான் முடியும்" என்ற எண்ணம் அந்த ஆட்களையே வாசலில் நிறுத்திவிடுகிறது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது என்பதுதான் சிக்கல். அம்மாவுக்கு எந்தப் பக்கம் கையை நீட்டிச் சட்டை போட்டால் பயப்பட மாட்டார் என்று மகளுக்குத்தான் தெரியும். அண்ணன் அதைச் செய்தால் முதல் தடவை சொதப்பும். அம்மா அழுவார். "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று மகள் மறுபடியும் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொள்வாள். அண்ணன் கற்றுக்கொள்ளவே மாட்டான். ஆறு மாதம் கழித்து அவளால் மட்டும்தான் முடியும் என்பது நிஜமாகவே உண்மையாகிவிடும்.

அண்ணனைப் பற்றிய எண்ணமும் கவனிக்க வேண்டியது. "அவனுக்கே தெரிய வேண்டாமா? கேட்டா செய்யணும்?" மற்றவர் மனதில் என்ன இருக்கிறது என்று நாமே முடிவு கட்டும் வேலை இது. அண்ணன் பார்ப்பது மாதம் ஒரு தடவை வந்து உட்காரும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் அம்மா முழு முயற்சியோடு நன்றாகப் பேசும் நேரம். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீ ஏன் இவ்வளவு டென்ஷனா இருக்க?" என்று அவன் கேட்டால் அது அக்கறையின்மையாக இருக்கலாம். அவன் கண்ட காட்சியின் நேர்மையான முடிவாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க ஒரே வழி, கேட்பதுதான். "யாரும் உதவறதில்லை" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. "சனிக்கிழமை மூணு மணியிலேருந்து ஆறு மணி வரை நீ வந்து இரு, நான் வெளியே போறேன்" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேட்க வேண்டும். அப்புறம் நிஜமாகவே வெளியே போக வேண்டும். பக்கத்து அறையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் அண்ணனும் கற்க மாட்டான், தங்கைக்கும் ஓய்வு கிடைக்காது. கேட்டும் வர மறுத்தால், அதுவும் ஒரு தெளிவான பதில். வேறு ஆளைத் தேடலாம்.

காகிதத்தில் எழுதிப் பார்ப்பது

இந்த எண்ணங்களைக் கையாள சிபிடியில் அதிகம் பயன்படும் முறை மிக எளிமையானது: எழுதுவது. தலைக்குள் சுற்றும்போது அசைக்க முடியாததாகத் தெரியும் வாக்கியம், காகிதத்தில் நம் கையெழுத்தில் வந்ததும் விவாதிக்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது.

ஓர் உதாரணம். குளியலறையில் அம்மா கையைத் தட்டிவிட்டார், மகள் கத்திவிட்டாள், அம்மா அழுதார். அன்று ராத்திரி மகள் ஒரு நோட்டில் எழுதுகிறாள். முதலில் நடந்தது மட்டும், தீர்ப்பு இல்லாமல்: "காலை ஒன்பது மணி, குளியல், அம்மா தள்ளினார், நான் கத்தினேன்." அடுத்து, மனதில் ஓடிய வாக்கியம், ஓடியபடியே: "நான் கொடுமைக்காரி." பிறகு உணர்ச்சியும் அதன் அளவும்: குற்ற உணர்ச்சி, நூற்றுக்குத் தொண்ணூறு. அப்புறம் அந்த வாக்கியத்துக்கு ஆதாரம்: கத்தினேன், அம்மா பயந்தார். எதிரான ஆதாரம்: முந்தின ராத்திரி மூன்று மணி நேரம்தான் தூங்கினேன். கத்தின உடனே நிறுத்திவிட்டுத் துண்டைப் போர்த்தி உட்கார வைத்தேன். இந்த வாரம் மற்ற நாட்களில் கத்தவில்லை. கொடுமை செய்கிறவள் இதைப் பற்றி ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டாள். கடைசியாக, இரண்டு பக்கத்தையும் சேர்த்த ஒரு வாக்கியம்: "நான் கத்தினது அம்மாவைப் பயமுறுத்தியது. அது வேண்டாம். தூக்கமில்லாத காலையில் குளியல் வேலையைத் தொடங்க மாட்டேன், சாயங்காலம் செய்து பார்க்கிறேன்." மறுபடியும் அளவு பார்க்கிறாள்: ஐம்பது.

தொண்ணூறு பூஜ்யம் ஆகவில்லை. ஆக வேண்டியதும் இல்லை. ஐம்பதில் ஒருவரால் தூங்க முடியும், மறுநாளை வேறு மாதிரி ஏற்பாடு செய்ய முடியும். கடைசி வாக்கியம் "நான் ரொம்ப நல்ல மகள்" என்று இருந்தால் மனம் அதை ஒரு நிமிஷம்கூட நம்பாது. நம்பக்கூடியதாக இருக்க வேண்டும், அடுத்து என்ன செய்வது என்று அதிலேயே இருந்தால் இன்னும் நல்லது. எழுத வரவில்லை என்றால் ஒரு கேள்வி போதும்: இதே நிலைமையில் இருக்கும் தோழி இதையே சொல்லி அழுதால் அவளிடம் நான் என்ன சொல்வேன்?

சூடான அந்த நிமிஷத்தில் இதெல்லாம் நடக்காது. அப்போது செய்யக்கூடியது, அவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு இரண்டு நிமிஷம் அறையை விட்டு வெளியே வருவது, மூச்சை மெதுவாக விடுவது. எழுதுவது பிறகு. சில வாரம் எழுதினால், நமக்கென்று திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள் இரண்டோ மூன்றோதான் என்பது தெரிய வரும். எந்த நேரத்தில் வருகின்றன என்பதும் தெரியும். அடுத்த முறை வரும்போது "ஓ, இது அந்தப் பழைய வாக்கியம்" என்று அடையாளம் கண்டாலே அதன் பிடி கொஞ்சம் தளரும்.

இதற்கு ஆதாரம் உண்டா என்றால், உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கில் லிவிங்ஸ்டன் தலைமையில் ஸ்டார்ட் என்ற திட்டத்தை 260 குடும்பப் பராமரிப்பாளர்களிடம் சோதித்தார்கள். எட்டு அமர்வுகள். அவற்றில் நடத்தையைப் புரிந்துகொள்வது, உதவாத எண்ணங்களை மாற்றுவது, உதவி கேட்பது, தளர்வுப் பயிற்சி, எதிர்காலத் திட்டம் எல்லாம் இருந்தன. நடத்தியவர்கள் மூத்த மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சைக்காலஜி பட்டதாரிகள். 2013-இல் வெளியான முடிவுகளில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைவாக இருந்தன. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பராமரிப்பாளர்களுக்காக வெளியிட்ட ஐசப்போர்ட் பயிற்சியிலும், தன்னைக் கவனித்துக்கொள்ளும் பகுதியில், வேறு விதமாக யோசிப்பது ஒரு தனிப் பாடம்.

இன்னொரு வழியும் உண்டு. எண்ணத்தோடு வாதாடாமல், "இது ஒரு எண்ணம், வந்திருக்கிறது" என்று விட்டுவிட்டு, தனக்கு முக்கியமானதைச் செய்வதில் கவனத்தைத் திருப்புவது. லோசாடாவின் குழு 2015-இல், மனச்சோர்வு அதிகம் இருந்த பராமரிப்பாளர்களிடம் இரண்டு வழிகளையும் ஒப்பிட்டது. இரண்டுமே உதவின. வாதாடி வாதாடிக் களைத்துப்போகிறவருக்கு இரண்டாவது வழி பொருந்தலாம். குறிப்பாக, "இவர் குணமாகப்போவதில்லை" போன்ற எண்ணங்களோடு வாதாடுவதில் அர்த்தமில்லை. அது உண்மை.

உண்மையான எண்ணங்களும் உண்டு

"மூணு மாசமா ஒழுங்கா தூங்கலை." "பணம் போதலை." "என் முதுகு போயிடுச்சு." இவற்றை நோட்டில் எழுதி எதிர் ஆதாரம் தேடக் கூடாது. இவை நிலைமையைப் பற்றிய சரியான தகவல்கள். மாற வேண்டியது நிலைமை. 1999-இல் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்ளும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் கவனித்து ஒரு முடிவு வெளியிட்டார்கள். பராமரிப்பால் அழுத்தத்தில் இருந்தவர்கள் இறக்கும் அபாயம், பராமரிப்பு வேலை இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பார்த்துக்கொண்டும் அழுத்தம் இல்லாதவர்களிடம் அந்தக் கூடுதல் அபாயம் தென்படவில்லை. எனவே "நான் எனக்காக நேரம் எடுத்தால் சுயநலம்" என்ற எண்ணத்தை உடைக்க வேண்டும், "நான் தாங்க முடியாத நிலையில் இருக்கிறேன்" என்ற எண்ணத்தைக் கேட்க வேண்டும்.

சில எண்ணங்களை நோட்டோடு நிறுத்திக்கொள்ளவே கூடாது. அவரை அடித்துவிடுவேனோ என்ற பயம், அடித்தே விட்டது, அவரை அறையில் பூட்டி வைக்கத் தோன்றுவது, நானும் செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது. இவற்றை அன்றைக்கே ஒருவரிடம் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவசர உதவியை அழைக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது அம்மாவின் மாத்திரைச் சீட்டை எடுத்துப் போவது போல இதையும் எழுதி எடுத்துப் போகலாம். எதிரே உட்கார்ந்ததும் "பரவாயில்லை டாக்டர், சமாளிக்கறேன்" என்றுதான் வாயில் வரும். எழுதி வைத்திருந்தால் சீட்டை அப்படியே நீட்டிவிடலாம். அம்மாவை வெளியே யாரோடாவது உட்கார வைத்துவிட்டு, தன்னைப் பற்றிப் பேச மட்டும் பத்து நிமிஷம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.